சான்றிதழின் இரண்டாவது வரி

எங்கள் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு நூலகம் கொடுக்கும் சான்றிதழில் இரண்டே வரிகள். முதல் வரியில் மென்பொருளின் பெயர், சோதித்த தேதி, ஒப்புமைச் சதவீதம், அதாவது ஆய்வேட்டில் எவ்வளவு பங்கு பிற எழுத்துகளோடு பொருந்துகிறது என்ற எண். இரண்டாவது வரி அச்சடித்தே வந்துவிடும்: இந்த ஆய்வேட்டில் கருத்துத் திருட்டு இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது. அதன் கீழே நூலகரின் கையெழுத்து, முத்திரை. முதல் வரிக்குக் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமே இருந்ததில்லை. திரையில் பார்த்த எண்ணை எழுதுகிறேன், அவ்வளவுதான். இரண்டாவது வரியைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசியதில்லை. நிலத்தடி நீரில் ஆய்வு செய்த ஒரு மாணவரின் கோப்பு அங்கே வந்துதான் நின்றது.

“ரிப்போர்ட்ல ஆறுதானே இருக்கு, அக்கா? பத்துக்குக் கீழ இருந்தா போதும்னு ரூல்ஸ்லயே இருக்கு. அதுக்கு மேல நீங்க எதுக்குப் படிக்கிறீங்க?”

அவர் கோபப்பட்டுக் கேட்கவில்லை. ஓசூரிலிருந்து பஸ் பிடித்து, பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நின்று வந்த களைப்போடு, பதில் தெரிந்தாக வேண்டும் என்பதுபோலக் கேட்டார். கேள்வி நியாயமானது. நான் சொன்ன பதில் அந்த அளவுக்கு நியாயமானதா என்பதில்தான் இன்னும் எனக்குத் தெளிவில்லை.

விதியில் குழப்பம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு காலம் திருத்திய பிரதியைக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். இவற்றை முடிவு செய்ய வேண்டியவை துறை அளவிலும் நிறுவன அளவிலும் அமைக்கப்படும் குழுக்கள். எங்கள் நூலகத்துக்கு அதில் வாக்கு இல்லை. உரிய ஒப்புகையோடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுக் கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் வராது. தற்செயலாகத் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போவதையும் விட்டுவிடலாம்.

அந்த மாணவர் முதல் முறை வந்தபோது கையில் 38 சதவீத ரிப்போர்ட் இருந்தது. கன்னடத்தில் பேச்சைத் தொடங்கியவர், மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். வெளியே ஒரு கடையில் காசு கொடுத்துச் சோதித்திருந்தார். இதில்தான் ஆய்வு மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கடைக்காரர் வைத்திருக்கும் கணக்கில், சோதிக்கும் கோப்பைச் சேமிப்பகத்தில் வைத்துக்கொள்ளும் தெரிவு போட்டிருந்தால், அந்த வரைவு அங்கேயே தங்கிவிடும். பிறகு பல்கலைக்கழகம் இறுதிப் பிரதியைச் சோதிக்கும்போது அது தன் வரைவோடு தானே பொருந்தி, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்கூடக் காட்டும். மூலம் என்ற இடத்தில் ‘மாணவர் கட்டுரை’ என்று மட்டும் இருக்கும். எந்தக் கல்லூரியின் கணக்கில் கிடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தக் கணக்கின் நிர்வாகியை நீக்கச் சொல்லி எழுத வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். வரைவுகளைச் சோதிக்கும்போது ‘சேமிக்காதே’ என்ற தெரிவு போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. நல்ல வேளையாக அவருடைய கோப்பு சேமிக்கப்படவில்லை.

மொத்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். படிக்க வேண்டியது பக்கத்தில் வரும் மூலப் பட்டியலை. அதே 38, அறுபது இடங்களிலிருந்து அரையும் முக்காலுமாகச் சிதறி வந்திருந்தால் பெரும்பாலும் துறைக்குரிய பொதுச் சொல்வழக்கு. ஒரே கட்டுரையிலிருந்து 22 வந்திருந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். இவருடைய 38-ஐப் பிரித்தால் இப்படி வந்தது: துணைநூற்பட்டியல் 9, உறுதிமொழிப் பக்கமும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திரும்பத் திரும்ப வந்த பல்கலைக்கழகப் பெயரும் 2, அவரே வெளியிட்ட கட்டுரை 8, ஆய்வுமுறை அத்தியாயம் 7, பிறருடைய முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் முன்னாய்வு மதிப்பாய்வு 12.

துணைநூற்பட்டியலை நீக்கும் தெரிவை அந்தக் கடைக்காரரும் போட்டுத்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தனித்தனிப் பட்டியல், அதுவும் அட்டவணைக் கட்டத்துக்குள். மென்பொருள் தனி வரியில் வரும் தலைப்பைப் பார்த்துத்தான் பட்டியலை அடையாளம் காண்கிறது. கட்டத்துக்குள் போட்டால் தவறவிடும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கடைசிக்குக் கொண்டுபோய், தலைப்பைச் சாதாரண வரியாக எழுதினால் தீர்ந்தது. சொந்தக் கட்டுரைக்கு, அது இந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான் என்று நெறியாளர் கையெழுத்திட்ட கடிதமும் கட்டுரையின் முதல் பக்கமும் வாங்கிக்கொண்டு, அந்த ஒரு மூலத்தை விலக்குகிறோம். விலக்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட், பின் எடுத்த ரிப்போர்ட் இரண்டையும் கோப்பில் வைக்கிறோம். ஒன்றை மட்டும் வைத்தால் பின்னால் யாராவது கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. சிறு ஒப்புமைகளை விலக்கும் இடத்தில் சொல் கணக்கும் இருக்கும், சதவீதக் கணக்கும் இருக்கும். 14 சொற்கள் என்று போடுவது விதிக்கு உட்பட்டது. சதவீதத்தில் 3 என்று போட்டால், இரண்டிரண்டு சதவீதமாக இருபது கட்டுரைகளிலிருந்து எடுத்திருந்தாலும் அத்தனையும் மறைந்து, எண் அழகாக இறங்கிவிடும். அப்படி இறக்கிய ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த வடிகட்டி போட்டிருக்கிறது என்று கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்ப வேண்டாம் என்றுதான் மாணவர்களிடம் சொல்கிறேன்.

மிஞ்சியது 19. அதில் ஆய்வுமுறையின் 7 எளிதாகப் போகக்கூடியது. தண்ணீரில் ஃப்ளோரைடு அளக்கும் ஸ்பாட்ன்ஸ் முறையை அவர் ஒரு பக்கத்துக்கு விவரித்திருந்தார். எல்லா ஆய்வகங்களும் அந்த வழிமுறையை ஒரே கையேட்டிலிருந்து எடுப்பதால் எல்லா ஆய்வேடுகளிலும் அதே வாக்கியங்கள்தான். அதைச் சொல் மாற்றி எழுதுவது வீண் வேலை, ஆபத்தான வேலையும்கூட. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் நீர்ச் சோதனைக் கையேடு, இத்தனையாவது பதிப்பு, முறை எண் 4500-எஃப் டி என்று ஒரு வரி எழுதினால் போதும். அதன் பிறகு தான் மாற்றிச் செய்ததை மட்டும் எழுத வேண்டும்: மாதிரியை எந்தப் பாட்டிலில் எடுத்தார், எத்தனை மணி நேரத்துக்குள் சோதித்தார், எந்த அலைநீளத்தில் அளந்தார், எத்தனை முறை திரும்ப அளந்தார். ஒரு பக்கம் ஆறு வரியாகச் சுருங்கும். படிப்பவருக்கும் அந்த ஆறு வரிதான் தேவை.

முன்னாய்வு மதிப்பாய்வின் 12 அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் அப்படியே எடுத்து, முன்னால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தார். அங்கே நான் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, அதில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “எங்க ஊர்ப் பக்கம் எல்லாம் கருங்கல் பாறை அக்கா. அந்தப் பாறையிலயே ஃப்ளோரைடு இருக்கற கனிமம் இருக்கு. தண்ணி அதுக்குள்ள எவ்ளோ நாள் நிக்குதோ அவ்ளோ கரையும். தண்ணில கால்சியம் இருந்தா ஃப்ளோரைடப் புடிச்சுக் கீழ படிய வச்சிடும். கால்சியம் கொறஞ்சு, பைகார்பனேட் கூடுனா, அது தண்ணியிலயே நின்னுடும். போர் ஆழமாப் போகப் போக இந்தப் பிரச்சினை ஜாஸ்தி.” பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். அவர் சொன்னதை அப்படியே எளிய ஆங்கிலத்தில் எழுதினால் எந்த மென்பொருளும் பிடிக்காது, எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல மாட்டார். சொன்னதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், கேட்டுக் கேட்டு எழுதுங்கள், அதன் பிறகு கட்டுரையைத் திறந்து எண்களைச் சரிபாருங்கள், அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.

அவர் கேட்டது வேறு. “எந்தெந்த வரிய மாத்தணும்னு மட்டும் மார்க் பண்ணிக் குடுங்க அக்கா, நான் மாத்திக்கறேன்.”

மாட்டேன் என்றேன். ரிப்போர்ட்டிலேயே நிறம் போட்டுக் காட்டியிருக்கிறது, அதற்கு மேல் நான் குறிக்க ஒன்றுமில்லை. வரி வரியாக மாற்றினால் கட்டுரையின் எலும்பு அதேதான் இருக்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கேட்டது உதவியின் மிகச் சிறிய அளவை. நான் கொடுத்தது மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய ஒரு பெரிய உதவி. அவரிடம் அத்தனை மாதங்கள் இருந்தனவா என்று அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது நேராக இறுதிப் பிரதியோடு வந்தார். எங்கள் கணக்கில் சோதித்ததில் 6 சதவீதம். தந்திரம் எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துக்குப் பதில் அதேபோலத் தோன்றும் ரஷ்ய எழுத்தைச் செருகுவது, சொற்களுக்கு இடையே வெள்ளை நிறத்தில் எழுத்துகளை ஒளித்து வைப்பது, பக்கங்களைப் படமாக மாற்றி ஒட்டுவது என்று சில வழிகள் உண்டு. முதல் இரண்டையும் மென்பொருளே கொடி காட்டிவிடும். மூன்றாவதைப் பிடிக்க, வேர்டு காட்டும் சொல் எண்ணிக்கையையும் ரிப்போர்ட் காட்டும் சொல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் போதும். ஐம்பதாயிரம் சொல் நாற்பதாயிரமாகக் குறைந்திருந்தால் மீதி படத்துக்குள் இருக்கிறது. இவருடைய கோப்பில் இரண்டு எண்ணிக்கையும் பொருந்தின.

கையெழுத்துக்கு முன் மூன்று இடங்களைப் படிப்பது என் வழக்கம்: ஆய்வுச் சுருக்கம், ஆய்வுமுறையில் ஏதாவது ஒரு பக்கம், விவாத அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். சுருக்கத்தின் இரண்டாவது வரியிலேயே ‘டிரிங்கிங் வாட்டர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சேவரிங் வாட்டர்’ என்று இருந்தது. குடிநீர், சுவைக்கும் நீர் ஆகியிருந்தது. ‘வாட்டர் டேபிள்’ என்ற நிலத்தடி நீர்மட்டம் ‘வாட்டர் டெஸ்க்’ ஆகியிருந்தது. ‘ஹார்டு ராக்’ எல்லா இடத்திலும் ‘டஃப் ராக்’. சொல் மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்த உரை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2021-இல் இதைத்தான் ‘வதைபட்ட சொற்றொடர்கள்’ என்று பெயரிட்டு வெளியே கொண்டுவந்தார்கள். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்’ ஆகவும், ‘பிக் டேட்டா’ என்பது ‘கொலோசல் இன்ஃபர்மேஷன்’ ஆகவும் அச்சேறிய ஆய்விதழ்களிலேயே கிடந்தன. ஒரு சொல்லை அகராதியின் அடுத்த சொல்லால் மாற்றும் இயந்திரத்துக்கு எது கலைச்சொல், எது சாதாரணச் சொல் என்று தெரியாது.

சுவைக்கும் நீரோடு நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும். கடைசி அத்தியாயம்தான் என்னை நிறுத்தியது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஃப்ளோரைடுக்கு இரண்டு வரம்பு வைத்திருக்கிறது. லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க வரம்பு. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதிக்கப்படும். மொத்தக் கரைதிடப்பொருளுக்கு 500, 2000. கடினத்தன்மைக்கு 200, 600. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர், இரண்டு எண். அவருடைய பழைய வரைவில் இந்த வேறுபாடு சரியாக இருந்தது. அந்தத் தரநிலையை அவருக்கு எடுத்துக் கொடுத்ததே நூலகம்தான். புதிய கோப்பில் இரண்டு வரம்புமே ‘அலவபிள் லிமிட்’ என்று ஒன்றாகிவிட்டன. ஆகவே ஓர் அத்தியாயத்தில் அந்த வரம்பைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் ஓர் எண்ணிக்கை, அடுத்த அத்தியாயத்தில் வேறோர் எண்ணிக்கை. எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதை அறியவே செய்யப்பட்ட ஆய்வு அது. அதைப் படித்துத் தெரிந்துகொள்ள இப்போது வழியில்லை.

“தம்பி, இதுல நான் கையெழுத்துப் போட்டா, இது நீங்க எழுதினதுன்னு நான் சொல்றதா ஆகும். இத நீங்க எழுதல.”

“நான் எழுதினதத்தான் அவங்க மாத்திக் குடுத்தாங்க. டேட்டா முழுக்க என்னோடது. ஊர் ஊராப் போயி நான்தான் தண்ணி எடுத்தேன்.”

அதுவும் உண்மை. அந்த வாக்கியத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதன் பிறகுதான் அவர் ஆறு சதவீதத்தைக் காட்டி, அதற்கு மேல் எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டாவது வரிக்காக என்று சொல்லி, சான்றிதழைத் திருப்பிக் காட்டினேன். ரிப்போர்ட்டை 6 என்றே கொடுத்தேன். எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை இல்லை. சான்றிதழைக் கொடுக்கவில்லை. பக்க எண், பழைய சொல், புதிய சொல் என்று மூன்று பத்தியில் ஒரு பட்டியல் எழுதி, நீங்களே கைடுகிட்ட கொண்டு போங்க என்றேன். நானே நெறியாளருக்கு அனுப்பியிருந்தால் அது புகார் ஆகியிருக்கும்.

நெறியாளர் அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டார். சதவீதத்தை நூலகம் பார்க்கட்டும், பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நீரியலில் எனக்குப் பட்டம் இல்லை. ‘டஃப் ராக்’ என்று ஒருவேளை எங்காவது எழுதும் வழக்கம் இருந்து, எனக்குத் தெரியாமல் போயிருந்தால்? கலைச்சொல்லைத் தீர்மானிக்க நான் யார்? என் தொழிலில் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. பாடத்துக்குள் தலையிடும் நூலகரிடம் அடுத்த மாணவர் மனம் விட்டு வரமாட்டார். வராவிட்டால் முறை எண்ணை எழுதச் சொல்வதற்கும், தரநிலையை எடுத்துக் கொடுப்பதற்கும் எனக்கு வாய்ப்பே கிடைக்காது.

ஆனால் அதே 2018 விதியின் வரையறையில், பிறருடைய படைப்பை மட்டுமல்லாமல் கருத்தையும் தன்னுடையதாகக் காட்டுவதுதான் கருத்துத் திருட்டு. அந்த 12 சதவீத முன்னாய்வுப் பகுதியில் கருத்தின் வரிசை, வாக்கியத்தின் அமைப்பு, எடுத்துக்காட்டு எல்லாம் பிறருடையவையாகவே இருந்தன. சொல் மட்டும்தான் மாறியது. எண் இறங்கியதால் எடுத்தது எடுக்காததாகிவிடுமா? இரண்டாவது வரி வெறும் சம்பிரதாயம் என்றால் அதைப் படிவத்திலிருந்து எடுத்துவிடலாம். அது இருக்கும்வரை என் பெயர் அதன் கீழே இருக்கிறது.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராகி, 1962-இல் பெங்களூரில் ஆவண ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கி, இதே ஊரில் 1972-இல் மறைந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகம் படித்த எல்லோருக்கும் அது மனப்பாடம். அந்த மாணவரின் நேரத்தை நான் மிச்சப்படுத்தவில்லை. ஒரு பருவத்தையே எடுத்துக்கொண்டேன். இன்னொரு பக்கம், ஏற்கப்பட்ட ஆய்வேடு காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறிவிடும். அங்கிருந்து அதை எடுத்துப் படிக்கும் அடுத்த ஆய்வாளரும் வாசகர்தானே? 1.0-க்கும் 1.5-க்கும் நடுவே குழம்பி நிற்கும் அவருடைய நேரம் யார் கணக்கில் வரும்? இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த அடுத்த வாசகர் என் முன்னால் வந்து நின்றதில்லை. நின்றவர் இவர்.

நடந்தது இதுதான். அவர் பழைய வரைவை மறுபடி எடுத்து, முன்னாய்வு அத்தியாயத்தைத் தானே எழுதினார். அதற்குள் அந்தப் பருவத்தின் கடைசித் தேதி போய்விட்டது. தாமதக் கட்டணம் கட்டி அடுத்த பருவத்தில்தான் கொடுக்க முடிந்தது. உதவித்தொகைக் காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆய்வேடு சமர்ப்பித்த ரசீதைக் கொண்டுவந்தால் ஜூனில் வேலை என்று ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரி சொல்லியிருந்ததாம். ஜூனில் அவர்கள் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா? போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வருகிறது. சொல்லிவிட்டுப் பார்த்தால், வேலையில் பாதுகாப்பாக உட்கார்ந்திருப்பவள் சொல்லும் பதிலாகவே அது ஒலிக்கிறது. அப்படித் தானே எழுதிக் கொடுத்த பிரதியின் ஒப்புமை 9 சதவீதம். மென்பொருளில் மாற்றி வந்த பிரதியின் 6-ஐவிட அதிகம். ஆனால் அதில் குடிநீர் குடிநீராக இருந்தது.

இப்போது இந்த வேலை இன்னும் சிக்கலாகிவிட்டது. பழைய சொல் மாற்றிகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதும் ஆங்கிலம் தடுக்காமல் ஓடுகிறது. ‘வாட்டர் டெஸ்க்’ என்று எங்கும் வராது. அதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகளை வைத்து ஒரு மாணவரைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. தானே எளிய, தட்டையான ஆங்கிலத்தில் எழுதிய மாணவரையும் அவை பிடித்துவிடுகின்றன. எங்கள் பிள்ளைகளில் பலர் எழுதுவது அப்படிப்பட்ட ஆங்கிலம்தான். நான் பார்ப்பது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, துணைநூற்பட்டியலிலிருந்து பத்துப் பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அவற்றின் டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்ணைத் தேடுவது. இல்லாத கட்டுரை என்றால் எண் திறக்காது. அல்லது திறந்து முற்றிலும் வேறு தலைப்பைக் காட்டும். ஆசிரியர் உண்மையானவர், இதழ் உண்மையானது, கட்டுரை மட்டும் எழுதப்படவே இல்லை என்பதுதான் வழக்கமான வடிவம். இன்னொன்று, அலகோடு வரும் எண்கள். ஒரே வரம்பு எல்லா அத்தியாயத்திலும் ஒரே பெயரில், ஒரே அளவில் வருகிறதா என்று தேடல் கட்டத்தில் போட்டுப் பார்ப்பது. எவ்வளவு வழுவழுப்பான உரையாக இருந்தாலும் இந்த இரண்டு இடத்தில் பிசகு தெரிந்துவிடும்.

இதையெல்லாம் ஆய்வேடு முடியும் நேரத்தில் செய்வதில் பயன் குறைவு. ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்று பிஎச்.டி. சேர்ந்தவுடன் படிக்க வேண்டிய 2 கிரெடிட், 30 மணி நேரப் பாடத்தை யூஜிசி 2019-இல் வகுத்தது. அதில் நூலகத்துக்குக் கிடைக்கும் வகுப்புகளில் இப்போது மென்பொருளை நான் கடைசியில்தான் காட்டுகிறேன். முதலில் ஒவ்வொருவரும் தம் தலைப்பில் மாற்றவே கூடாத முப்பது நாற்பது சொற்களைப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தத் தரநிலையில், எந்த வரையறையில் வருகிறது என்று எழுத வேண்டும். அடுத்து, ஒரு கட்டுரையைப் படித்து மூடிவிட்டுத் தாய்மொழியில் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்ல வேண்டும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று அறை இரைச்சலாகிவிடும். தயங்கித் தயங்கிச் சொல்பவர் அந்தக் கட்டுரையை இன்னும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடுகிறது. இதனால் எத்தனை பேர் கடைக்குப் போகாமல் இருந்தார்கள் என்று கணக்குச் சொல்ல என்னால் முடியாது.

சான்றிதழில் குறிப்பு எழுத ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. இதற்கிடையே எங்கள் பிரிவுக்கு ஓர் இளம் உதவி நூலகர் வந்திருக்கிறாள், ஒப்பந்தப் பணியில். ஒப்புமைச் சோதனை இனி அவள் பொறுப்பு. இதுபோல ஒரு கோப்பு வந்தால் என்ன செய்வது, மேடம் என்று கேட்டாள். சதவீதம் பத்துக்குக் கீழே இருந்தால் சான்றிதழைக் கொடுத்துவிடு, சொற்பட்டியலைத் தனியாக எழுதி மாணவர் கையில் கொடு, பிரதியை நம் கோப்பில் வை என்றேன். நான் செய்தது அது இல்லையே என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அந்தக் கதை தெரியாது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வேலையில் இருப்பவளிடம், ஒரு நெறியாளரின் தொலைபேசி அழைப்பைத் தாங்கிக்கொள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையெழுத்து மட்டும் என் மேசைக்கு வரட்டும் என்று சேர்த்துச் சொன்னேன்.